கோல்கீப்பரின் முழங்கால்

எங்கள் வீட்டில் பேட்டரி வாங்கிய பிறகுதான் இந்தக் கூட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. பர்மாவில், எங்கள் தாமுவே பேட்டையில், மின்சாரம் முறை வைத்து வருகிறது. முறை வைத்த நேரத்திலும் பல நாள் வருவதில்லை. வந்தால் தெருப் பிள்ளைகள் "மீ லாப்பீ" என்று கூவுவார்கள், கரண்டு வந்துவிட்டது என்று. வராத நேரத்தில் அக்கம்பக்கத்துக் கைபேசிகள் எங்கள் முன்னறையில் வரிசையாகச் சார்ஜ் ஏறும். ஏறி முடியும்வரை அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கே போவார்கள்? எங்கள் பாயிலேயே உட்காருவார்கள். உட்கார்ந்தால் கால்பந்துப் பேச்சுதான்.

நிரந்தரக் கூட்டம் இரண்டு பேர். ஒருவர் மைக் மாமா. நகராட்சியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் சந்து மாரியம்மன் கோயிலில் மைக் பிடிப்பவர். வேறு யாருக்கும் அந்த மைக்கைத் தரமாட்டார். இன்னொருவர் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் வாத்தியார், மாதா கோயில்காரர். எல்லோரும் அவரை பர்மியர்கள் கூப்பிடுவதைப்போல ஸயா என்றே கூப்பிடுவோம். மாமா இங்கிலீஷ் லீக்கில் சிவப்புச் சட்டைக் கட்சி, ஸயா நீலம். நான் பச்சாதாபத்தால் எப்போதும் தோற்கும் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரையும் சீண்டுவேன்.

அந்த லீக்கில் ஆடி மாதம் முழுக்க ஆட்டமே கிடையாது. ஆனால் ஆட்டம் இல்லாத மாதத்தில்தான் இவர்களுக்கு வாய் அதிகம். யாரை வாங்கினான், யாரை விற்றான், யாருக்கு எந்தக் காலில் அடி, யார் எந்த விமான நிலையத்தில் எந்தத் தொப்பியோடு நின்றான், எல்லாம் தெரியும். இங்கே பேஸ்புக்கைத் தடை செய்துவிட்டார்கள், திருட்டு வழியாகத் திறக்க விபிஎன் வேண்டும். அன்றைக்கு யாருடைய விபிஎன் வேலை செய்கிறதோ அவர் சொல்வதுதான் வேதம்.

"ஸயா, ஒங்க ஆளுக்குத் தொடைச் சதை பிடிச்சுக்கிச்சாம். சீசன் ஆரம்பத்துல கெடையாதுன்னு போட்டிருக்கான்."

"வதந்தி. கிளப்பு ஒண்ணும் சொல்லலியே."

"கிளப்பு என்னிக்கு உண்மை சொல்லிச்சு? நொண்டிக்கிட்டுப் போற படம் இருக்கு, பாருங்க."

"செருப்புக் கடிச்சிருக்கும் மாமா. ஒங்க ஆளப் பாருங்க மொதல்ல. சவூதிக்காரன் கூப்புடுறான்னு பெட்டி கட்டிட்டானாம்."

இப்படியே போகும். டவுனில், பபேடான் பக்கம் ஒரு பருப்புக் கடையில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு, நெரிசல் பஸ்ஸில் தொங்கி வீடு வரும் எனக்கு இந்தச் சண்டைதான் கொஞ்சம் உயிர் தந்தது. ஊரே வாய் மூடிக் கிடக்கும்போது இரண்டு கிழவர்கள் யாரோ ஒருவனின் தொடைச் சதைக்காக அடித்துக்கொள்வதைக் கேட்பது ஒரு சுகம். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முன்பெல்லாம் இதைவிடச் சத்தமாக எங்கள் சொந்த அணியைப் பற்றிப் பேசுவோம். எங்கள் தமிழ்ப் பையன்களுக்கு ஓர் அணி உண்டு. மழை ஓய்ந்து விளக்குப் பண்டிகை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி நடக்கும். அதற்கு ஆள் சேர்க்கும் படலம் ஆடியிலேயே தொடங்கிவிடும். இன்சீனில் நன்றாக ஓடும் பையன் ஒருவன் இருந்தால், ஒரு ஜோடி பூட்சும் வயிறாரப் பிரியாணியும் காட்டிச் சுற்று ரயிலில் ஏற்றிக் கூட்டி வந்துவிடுவார் மாமா. இன்சீன்காரர்கள் அடுத்த வருடம் இரண்டு பிரியாணி காட்டித் திருப்பிக்கொண்டு போவார்கள். எல்லாம் சிரிப்பும் கூத்துமாக இருக்கும்.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு அந்தப் படலம் நின்றுபோனது. இடது பக்கம் ஓடுகிறவன் மலேசியாவுக்குப் போய்விட்டான். தடுப்பில் நின்றவன் பாங்காக்கில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான். வேறு இரண்டு பேர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. மீதம் இருந்தவர்களில் ஒருவன் என் தம்பி. அவன் கோல்கீப்பர்.

அவன் மீதம் இருந்ததற்குக் காரணம் அவனுடைய வலது முழங்கால். சட்டம் வருவதற்கு முந்தைய மழையில் ஒரு ஆட்டத்தில் பந்துக்குத் தாவி, சேற்றில் கால் மாட்டித் திரும்பி விழுந்தான். மூட்டுக்குள்ளே ஏதோ ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அவனை அணியின் பையன்கள் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தபோது, அம்மா அங்கேயே வாசலில் நின்று வேண்டிக்கொண்டாள். கால் சரியானால் வெள்ளியில் கால் செய்து அம்மனுக்குச் செலுத்துகிறேன் என்று. எங்கள் ஆட்களுக்கு இது வழக்கம். கண்ணில் கோளாறு என்றால் வெள்ளிக் கண், கையில் என்றால் வெள்ளிக் கை.

அப்புறம் சட்டம் வந்தது. வயது வரம்புக்குள் இருந்த பையன்களுடைய பெயர்களை வார்டு ஆபீஸில் எழுதிப் போனார்கள், குலுக்கல் நடந்தது, என் தம்பியின் பெயரும் விழுந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்து, இப்போதைக்குத் தகுதி இல்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். அதற்கப்புறம் இரண்டொரு முறை வந்து பார்த்துவிட்டும் போனார்கள். அவன் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நொண்டிக் காட்டினான். நொண்டத்தானே செய்தது, நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

சிக்கலில் மாட்டிக்கொண்டது அம்மா. காலைச் சரியாக்கு என்று ஏற்கெனவே வேண்டிக்கொண்டாயிற்று. அம்மன் காதில் போட்டதைத் திருப்பி வாங்க முடியுமா? ஒருநாள் விளக்கு வைத்துவிட்டு அவள் முணுமுணுத்ததைக் கேட்டேன். "சரியாக்கு ஆத்தா. ஆனா அவசரமில்ல. மெதுவா ஆக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு அன்று சாப்பாடு வரை திட்டு வாங்கினேன்.

ஆனால் அம்மன் அவசரப்பட்டுவிட்டாள். போன வருடம், மழை தொடங்கி இருந்த நேரம், பம்பு ஓடாததால் கீழே இருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தோம். நிறைந்த கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வந்தான் தம்பி. நான் வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது மாடிக்கு வந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது, கேனை இறக்கிவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அடுத்த நொடியே யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயத்தில் கன்னத்தில் ஓர் அறை வைத்தேன்.

"இனிமே கீழ எறங்கினா பட்ட கட்டிக்கிட்டு நொண்டணும். தெரியுதா?"

"தெரியும் அக்கா. ஆனா வலியே இல்ல. உள்ளுக்குள்ள கிளீனா இருக்கு." அவனுக்கு வேறு கவலை. "மழ விட்டா கோல்ல நிக்கலாமா?"

இவனையும் எங்கள் ஜாதியிலேயே சேர்க்க வேண்டும். ரசிகனுக்கு அடிபட்ட செய்தி என்றால் எத்தனை வாரம், எப்போது திரும்புவான் என்பது மட்டும்தான். ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க மாட்டான். மாமாவும் அன்று பின்னாலேயே படியேறி வந்துகொண்டிருந்தார், எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததுமே கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். உட்கார வைத்துச் சத்தியம் வாங்கினேன்.

"மாமா, இது இந்தப் பாயைத் தாண்டக் கூடாது."

"ஏம்மா, நான் என்ன சின்னப் புள்ளையா? வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு." உதட்டில் சாவி திருப்பிக் காட்டினார். அவர் வாய் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீக்கடையில், மார்க்கெட்டில், எங்கேயும் அவர் சொல்லவில்லை.

அம்மாதான் நிம்மதி இழந்தாள். கால் சரியாகிவிட்டது, இன்னும் வெள்ளிக் கால் போகவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன்: அம்மன் எங்கேயும் ஓடிப் போகமாட்டாள், இந்தக் கலவரம் எல்லாம் அடங்கட்டும், ரெண்டாகச் செய்து போடலாம்.

"குடுத்த வாக்க இழுத்தடிச்சா சாமி குத்தம். குடுத்த காலத் திருப்பி எடுத்துக்குவா."

"எடுத்துக்கிட்டா நல்லதுதானே அம்மா இப்ப?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்றவளால் அதைக் காதில் வாங்க முடியவில்லை. மகன் கால் ஊனமாக வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? பபேடானில் ஒரு பத்தரிடம் சொல்லி விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கால் செய்து வாங்கி வந்தாள். முழங்கால் சிப்பி கூட எடுப்பாகத் தெரிந்தது. தம்பி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போட்டுட்டு வாம்மா. ஆயிரம் பேரு காணிக்கை போடுறாங்க, யாரு பாக்கப் போறா" என்றான். நானும் விட்டுக்கொடுத்தேன். நியாயமாகத்தான் பட்டது.

ஆடிக் கூழ் அன்று விடியற்காலையிலிருந்து மழை. சந்தில் தகரக் கொட்டகை போட்டு அண்டாக்களில் கூழ் காய்ச்சினார்கள். நான் கரண்டி பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டு இல்லை, ஆனால் மைக்குக்கென்று ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மற்ற விழாவிலெல்லாம் மக்கர் பண்ணும் அது அன்றைக்குச் சுத்தமாக ஓடியது. ஒலிபெருக்கி இரண்டு, ஒன்று கோயில் பக்கம், ஒன்று பெரிய சாலை பக்கம்.

காணிக்கைகளை மாமா ஒவ்வொன்றாக அறிவிப்பார். யார் வீட்டார், என்ன காணிக்கை, எதற்காக. செலுத்துகிறவர்களுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி, பத்துப் பேர் காதில் விழுந்தால்தான் செலுத்தியதாகக் கணக்கு. முதலில் தமிழில் சொல்வார், பிறகு பர்மியில் சொல்வார். இப்போதைய பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறது, ஆனால் பர்மி சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கோயிலோடு பிடித்து வைத்திருக்கத்தான் இரண்டு பாஷையும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அம்மா வெற்றிலைக்குள் மடித்துப் பூசாரியிடம் கொடுத்தாள். பூசாரிக்கு என்ன தெரியும்? வெற்றிலையை விரித்து, தட்டில் வைத்து, கற்பூரம் காட்டினார். மாமா எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்ததை நான் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், கூட்டம் விடவில்லை.

"முழங்கால் பூரண குணமானதற்காக வெள்ளிக் கால் காணிக்கை! நம்ம கோல்கீப்பர் தம்பி அம்மன் அருளால் எந்தக் குறையும் இல்லாம எழுந்துட்டார். மழை விட்டதும் நம்ம அணிக்காகக் கோல்ல நிப்பார்!"

பெயரைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தாராம், பிறகு சொன்னார். எங்கள் வார்டில் கோல்கீப்பர் எத்தனை பேர்? தமிழோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். நான் மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள், அதையே நிறுத்தி நிதானமாகப் பர்மியில் சொல்லி முடித்திருந்தார். கொட்டகையில் பையன்கள் கை தட்டினார்கள். பெரிய சாலைப் பக்கம் இருந்த ஒலிபெருக்கி வார்டு ஆபீஸைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையின் வாயால் கெட்டது நாங்கள். மாமா என்னைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. மைக்கை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

தம்பியை அன்றே எங்காவது அனுப்பியிருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே அனுப்புவது? பஸ் ஸ்டாண்டில் பிடிக்கிறார்கள், விமான நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மூச்சு விட ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் வந்தார்கள். வார்டு ஆபீஸ்காரர் ஒருவர், கூட இரண்டு பேர். குடையை மடித்து வெளியே சாய்த்து வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்கள். கதவு தட்டிய சத்தம் கேட்டதும் தம்பி அவசர அவசரமாக முழங்காலில் பட்டையைக் கட்டத் தொடங்கியிருந்தான். ஆபீஸ்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, சாதாரணமாகத்தான் சிரித்தார்.

"அது வேண்டாம் தம்பி" என்று பர்மியில் சொன்னார். "கால் குணமான சேதியை வார்டு முழுக்கக் கேட்டோம். சந்தோஷம். டாக்டர் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், சாயங்காலம் வந்துவிடலாம்."

அம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கொடுத்தால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. அவர்கள் குடித்து முடிக்கும்வரை தம்பி சுவரோரம் நின்றான். பிறகு படியிறங்கினான். முதல் திருப்பம் வரை நொண்டினான். அதற்குமேல் விட்டுவிட்டு நேராக நடந்து இறங்கினான். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்னைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, எனக்கும் கூப்பிடத் தைரியம் இல்லை.

மறுநாள் மாமா வந்து வாசலிலேயே உட்கார்ந்தார். நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்கள் மைக்கை உடைத்து அடுப்பில் போடுங்கள் என்றேன். உங்களுக்குப் பையன் இருந்தால் அவன் பெயரை இப்படி ஊதியிருப்பீர்களா என்றேன். அவருக்குப் பிள்ளை இல்லை, அது தெரிந்துதான் சொன்னேன். அம்மாதான் வந்து என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"அவர ஏண்டி ஏசுறே? காலு செஞ்சு போட்டது நான்."

"அவரு கத்தலன்னா ஒண்ணும் ஆயிருக்காது."

"எம் மவன் எழுந்துட்டான்னு அவரு சந்தோஷப்பட்டாரு. வேற யாரு பட்டா?"

அப்படியும் என் கோபம் குறையவில்லை. இன்றைக்கும் குறையவில்லை. மாமாவோடு நான் பேசுவதில்லை. அவர் கைபேசியை வாங்கிச் சொருகுவேன், ஏறியதும் எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். கோயிலில் இப்போது மைக் வேறு யாரோ பிடிக்கிறார்கள்.

தம்பி பயிற்சி முகாமிலிருந்து ஒரே ஒருமுறை போன் பேசினான். பக்கத்தில் ஆள் நின்றிருக்க வேண்டும், பர்மியில்தான் பேசினான். சாப்பாடு பரவாயில்லை என்றான். தினம் மூட்டையோடு ஓட வைக்கிறார்களாம். கால் எப்படி என்று கேட்டேன். "கால் நல்லா இருக்கு அக்கா" என்றான், அதை மட்டும் தமிழில். பிறகு எங்கோ வடக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் குரல் இல்லை. வடக்கே என்பது எவ்வளவு பெரிய இடம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இதோ மறுபடியும் ஆடி. சில மாதம் இந்தப் பாயில் யாரும் கால்பந்து பேசவில்லை. விலைவாசியும் மழையுமாகப் பேசிவிட்டு எழுந்து போவார்கள். பிறகு மெல்ல மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அவர்களும் என்னதான் செய்வார்கள், வேறு எதைப் பற்றி வாய் திறக்க முடிகிறது?

நேற்று ஸயாவின் விபிஎன் வேலை செய்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தவர் நிறுத்தினார்.

"மாமா, மனசத் தேத்திக்குங்க. ஒங்க கோல்கீப்பருக்கு பிராக்டிஸ் மேட்ச்ல முழங்கால் ஜவ்வு அறுந்துருச்சாம். ஆபரேஷனாம். இந்த சீசன் முழுக்கக் கெடையாது."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. இப்பதான் கோடி கோடியாக் கொட்டி வாங்கினான். பாவம், சின்னப் பையன்." சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. தரையைப் பார்த்தார்.

அம்மா அடுக்களை வாசலில் முறத்தில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கால்பந்தைப் பற்றி அவள் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. பந்துக்கு எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்றுகூடத் தெரியாது.

"அந்தப் பையனுக்கு ஆத்தா இருக்காளா ஸயா?"

ஸயா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இருக்காங்கம்மா. படம் பாத்திருக்கேன்."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கித் தள்ளி வைத்தாள்.

"கொடுத்து வச்சவ" என்றாள். "சீசன் முழுக்க மவன் வீட்டுல இருப்பான்."